விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸ்: டூயல் பூட் செய்வது எப்படி, எங்கே மாட்டிக்கொள்வோம்?

கேள்வி இதுதான்: விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப், உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றே ஒன்று. விண்டோஸும் அதிலுள்ள கோப்புகளும் அப்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ வேண்டும். கணினியைப் போடும்போது எது தேவையோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடக்குமா? எதைச் செய்தால் கெட்டுப்போகும்?

தாராளமாக நடக்கும். லினக்ஸை நிறுவுவதுதான் இதில் சுலபமான வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர், அதற்கு முன்பு விண்டோஸுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பென் டிரைவைச் செருகியவர்கள். அதனால் இந்தப் பதிலில் விண்டோஸைப் பற்றிய பேச்சுதான் அதிகம் இருக்கும்.

முதலில், டூயல் பூட் தேவைதானா என்று பாருங்கள். கட்டளை வரி பழக வேண்டும், பைத்தான் எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூஎஸ்எல் 2 போதும். லினக்ஸ் திரை எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குள் ஒரு பாவனைக் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். டூயல் பூட்டில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்தச் சலிப்பிலேயே பலர் ஏதாவது ஒன்றில் தங்கிவிடுகிறார்கள். ரேம் குறைவு, கிராஃபிக்ஸ் கார்டின் முழு வேகமும் வேண்டும், லினக்ஸிலேயே அன்றாட வேலை செய்து பார்க்க வேண்டும் என்கிற நிலை இருந்தால் டூயல் பூட் சரியான வழி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 11-க்குத் தகுதி பெறாத பழைய கணினி வைத்திருப்பவர்களும் லினக்ஸை ஒத்திகை பார்க்க இதே வழியைப் பின்பற்றலாம். ஆப்பிள் கணினிகளை இதில் சேர்க்கவில்லை. எம் வரிசைச் சில்லு உள்ளவற்றில் விண்டோஸைப் பக்கத்தில் நிறுவ உதவும் பூட் கேம்ப்பே கிடையாது, அது தனிக் கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். டூயல் பூட் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பாதி, பழைய பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) காலத்தியது. அந்தக் காலத்தில் வட்டின் முதல் செக்டரில், எம்பிஆர் என்று சொல்லப்படும் 512 பைட்டில், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட் லோடர் ஒன்றே ஒன்றுதான் உட்கார முடியும். கடைசியாக யார் நிறுவப்பட்டாரோ அவர் முன்னவரை அழித்துவிட்டு உட்காருவார். 'முதலில் விண்டோஸ், பிறகுதான் லினக்ஸ்' என்ற விதி அங்கிருந்து வந்தது. இன்றைய கணினிகளில் பயாஸுக்குப் பதில் இருப்பது யூஇஎஃப்ஐ, பேச்சுவழக்கில் இதன் அமைப்புத் திரையையும் பயாஸ் என்றே சொல்கிறோம். இதில் வட்டின் ஒரு சின்னப் பகுதி ஃபேட்32 வடிவில் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். பெயர் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், விண்டோஸ் வழக்கமாக அதற்குக் கொடுக்கும் அளவு 100 எம்பி. அதைத் திறந்து பார்த்தால் இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒன்று இருக்கும். உபுண்டு நிறுவிய பிறகு அதன் பக்கத்திலேயே உபுண்டு என்று இன்னொன்று வரும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. இது புரிந்துவிட்டால் 'விண்டோஸ் அப்டேட் என் லினக்ஸை அழித்துவிட்டது' என்ற புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். எதுவும் அழிந்திருக்காது, வரிசை மாறியிருக்கும். பயாஸ் திரைக்குப் போய் வரிசையைத் திருப்பி வைத்தால் முடிந்தது.

உங்கள் கணினி எந்த முறையில் ஓடுகிறது என்று உறுதி செய்ய, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். விண்டோஸ் 11 முறைப்படி நிறுவப்பட்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். லெகசி என்று இருந்தால், அது பழைய எம்பிஆர் முறை. லினக்ஸையும் அதே முறையில்தான் நிறுவ வேண்டும், ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று கலக்கக் கூடாது.

இனி விண்டோஸுக்குள் செய்ய வேண்டியவை. பேக்கப் எடுங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளி வட்டில் எடுங்கள், அதே எஸ்எஸ்டியின் இன்னொரு பார்ட்டிஷனில் எடுப்பதற்குப் பெயர் பேக்கப் இல்லை.

அடுத்தது பிட்லாக்கர், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. இதில்தான் பலருக்கு வயிற்றைக் கலக்கும் அனுபவம் ஏற்படுகிறது. 'நான் பிட்லாக்கர் எதையும் போடவில்லையே' என்று சொல்லாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த புதிய லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே இயங்கியிருக்கலாம், ஹோம் பதிப்பிலும்கூட. பயாஸில் செக்யூர் பூட்டையோ (கையெழுத்திட்ட நிரல்களை மட்டும் எழ விடும் காவல்) வட்டு முறையையோ மாற்றினால், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் கோப்புகள் போனதுதான், அதை உடைக்க வழியில்லை. எனவே செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்துக்குள் போய் அந்தச் சாவியை ஒரு காகிதத்திலோ கைபேசியிலோ குறித்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பயனில்லை. என் பரிந்துரை, இந்த வேலை முடியும்வரை குறியாக்கத்தை முழுவதுமாக அணைத்துவிடுவது. சில லினக்ஸ் நிறுவிகள் பிட்லாக்கர் இருப்பதைப் பார்த்தாலே விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் வாய்ப்பைத் தராது. எல்லாம் முடிந்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டபின் லினக்ஸின் மெனு வழியாக விண்டோஸுக்குள் போனால் சாவி கேட்கக்கூடும், பயாஸின் பூட் மெனுவிலிருந்து நேராகப் போனால் கேட்காது.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8-இல் வந்த வசதி. இது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. உங்கள் நிரல்களை மூடிவிட்டு, தன் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. அடுத்த முறை அங்கிருந்து தொடரும். இடையில் லினக்ஸ் வந்து சி டிரைவில் ஒரு கோப்பை எழுதினால், விழித்தெழும் விண்டோஸின் மனதில் இருக்கும் வட்டும் உண்மையான வட்டும் வேறு வேறாகிவிடும். கோப்புகள் பாழாவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. இதற்குப் பயந்துதான் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் இதற்கான டிக் இருக்கிறது. அது மங்கலாகத் தெரிந்தால் மேலே நிர்வாகி அனுமதி கேட்கும் இணைப்பைச் சொடுக்கியபின் எடுக்கலாம். ஒரு வேடிக்கை: ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும், ஷட் டவுன் கொடுத்தால்தான் இந்த அரைத்தூக்கம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நான்காவது, இடம் ஒதுக்குவது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது சொடுக்கு, ஷ்ரிங்க் வால்யூம். லினக்ஸ் நிறுவியாலும் இதைச் செய்ய முடியும். ஆனால் விண்டோஸின் டிரைவை விண்டோஸே சுருக்கட்டும். உங்கள் 512 ஜிபியில் 80 முதல் 100 ஜிபிவரை லினக்ஸுக்குக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கலாம். 25 ஜிபியிலும் ஓடும், ஆனால் சீக்கிரமே நெருக்கும். சுருக்கியதும் வரும் காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு டிரைவ் எழுத்து கொடுக்கவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம்.

இங்கே ஒரு எரிச்சல் வரும். டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்லும். காரணம், நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு டிரைவின் நடுவில் உட்கார்ந்திருப்பது. பெரும்பாலும் பேஜ் ஃபைல், ஹைபர்னேட் கோப்பு, சிஸ்டம் ரீஸ்டோர் பிரதிகள் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால், சுருக்குவதைத் தடுத்த கடைசிக் கோப்பின் பெயரே அதில் எழுதியிருக்கும். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கியபின் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் வராத ஒரு தடங்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில இன்டெல் லேப்டாப்களில் லினக்ஸ் நிறுவி எஸ்எஸ்டியையே காட்டாது, அல்லது இன்டெலின் வட்டு மேலாண்மை முறையான ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி நின்றுவிடும். பயாஸில் வட்டு முறை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருப்பதுதான் காரணம், அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் எழாது, நீலத் திரையில் பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று வந்து நிற்கும். வழி இருக்கிறது. முதலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்து, பயாஸுக்குள் போய் முறையை மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது சரியான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் நிறுவுவதற்கான பென் டிரைவ் தயாரிப்பது சாதாரண வேலை. 8 ஜிபி போதும், தயாரிக்கும் நிரல் ரூஃபஸ், எட்சர், வென்டாய் எதுவானாலும் சரி. ரூஃபஸில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுங்கள். பென் டிரைவிலிருந்து எழுப்ப, விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் 'யூஸ் எ டிவைஸ்' என்ற வழி கிடைக்கும். பூட் மெனு வழியாகப் போனால் சில கணினிகளில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்று வெறும் பெயரோடு, இன்னொன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டு. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே போனதும் உடனே நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் லைவ் முறையில் கொஞ்சம் உலாவுங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா. இங்கே வேலை செய்யாதது நிறுவியபின் தானாகச் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

நிறுவும்போது 'விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுவு' என்ற வாய்ப்பு வந்தால், காலி இடம் ஏற்கெனவே தயாராக இருப்பதால், அதையே எடுக்கலாம். அது வராவிட்டால் கைமுறைப் பிரிப்பு. பயப்பட ஒன்றுமில்லை. காலி இடத்தில் ஒரே ஒரு பார்ட்டிஷன், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவம், மவுன்ட் பாயின்ட் (அந்தப் பகுதி லினக்ஸில் தெரியும் இடம்) வெறும் சாய்கோடு (/). ரேமுக்கு உதவியாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, உபுண்டு 17.04-லிருந்து அதைக் கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. பிறகு, ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்துப் பூட் பகுதியாகப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அதற்கு எதிரே ஃபார்மேட் என்ற கட்டம் டிக் ஆகாமல் இருக்கிறதா என்று நிறுவு பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை பாருங்கள். அது டிக் ஆகியிருந்தால் விண்டோஸின் பூட் லோடர் போய்விடும். உங்கள் கோப்புகள் போகாது, விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலிருந்து பிசிடிபூட் கட்டளையால் திரும்பக் கட்டிவிடலாம். என்றாலும் அந்த மாலை வீண்தான். இன்னொன்று: பாப் ஓஎஸ் போலக் கெர்னலையே இந்தப் பகுதியில் வைக்கும் வகைகளுக்கு 100 எம்பி போதாது. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றுக்குச் சில எம்பி இருந்தால் போதும்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்று பழைய வழிகாட்டிகள் முதல் வரியிலேயே சொல்லும். உபுண்டு, ஃபெடோரா, மின்ட், டெபியன் 10-க்குப் பிந்தைய பதிப்புகள் எதற்கும் அது தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சின்ன நிரல் முதலில் எழுந்து, அது லினக்ஸின் பூட் லோடரான கிரப்பைச் சரிபார்த்து எழுப்பும். என்விடியா டிரைவர் போன்ற வெளிச் சரக்கு வேண்டும் என்றால் நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும், அதில் என்ரோல் மாக் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். பத்து விநாடிக்குள் எந்த விசையையும் தொடாவிட்டால் அது தன்பாட்டுக்குப் போய்விடும். அப்புறம் டிரைவர் ஏன் ஏறவில்லை என்று தேடிக்கொண்டிருப்போம். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம், கிரப் பதிப்புகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள், ஆனால் தொட்டது. பலருக்கு எஸ்பேட் (அந்தத் தடைப்பட்டியல் முறை) சோதனை தோல்வி என்ற வரியோடு லினக்ஸ் எழாமல் நின்றது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய் அப்டேட் செய்து மீண்டார்கள். லினக்ஸைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட நேரங்களில் அடிபடுவார்கள்.

நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் கிரப் மெனுவில் இரண்டும் தெரிய வேண்டும். விண்டோஸ் தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். கிரப் 2.06-லிருந்து பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்து, அப்டேட்-கிரப் ஓட்டினால் விண்டோஸ் வந்துவிடும். கணினி நேராக விண்டோஸுக்கே போகிறது என்றால், முன்பு சொன்ன அதே வரிசைப் பிரச்சினை.

அடுத்து, நேரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது, அது யூடிசி என்ற உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நம்புகிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற விருப்பத்துக்கு 1 என்று கொடுத்தால் அது விண்டோஸின் வழிக்கு வந்துவிடும். மாற்றாக விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற மதிப்பைச் சேர்த்து அதை யூடிசிக்குக் கொண்டுவரலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். உள்ளூர் நேரம் வைத்தால், பகலொளி நேர மாற்றம் உள்ள இடங்களில் இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே ஒரு மணி நேரத்தை மாற்றிக் குழப்பிவிடும்.

ப்ளூடூத் ஹெட்செட்டும் ஆட்டம் காட்டும். விண்டோஸில் இணைத்து, லினக்ஸில் இணைத்தால், திரும்ப விண்டோஸில் இணையாது. இரண்டு இயங்குதளத்துக்கும் ப்ளூடூத் முகவரி ஒன்றுதான், ஆனால் இணைப்புச் சாவியை ஒவ்வொன்றும் தனித்தனியாக உருவாக்குகிறது. ஹெட்செட் கடைசிச் சாவியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் சாவியை எடுத்து லினக்ஸின் ப்ளூடூத் ஃபோல்டரில் எழுதினால் சரியாகும். பொறுமை இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மறுபடி இணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டுக்கும் பொதுவாகக் கோப்புகள் வைக்க விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸில் ஒரு தனிப் பார்ட்டிஷன் போதும். எக்ஸ்ஃபேட் இரண்டிலும் சரளமாக ஓடும்தான், ஆனால் அதில் ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, எழுதும் நடுவில் மின்சாரம் போனால் ஆபத்து. படம், பாட்டு, ஆவணம் எல்லாம் அங்கே வைக்கலாம். லினக்ஸின் ஹோம் ஃபோல்டரையும், லினக்ஸில் ஓட்டும் ஸ்டீம் விளையாட்டுகளையும் அங்கே வைக்காதீர்கள். லினக்ஸுக்கு வேண்டிய அனுமதி அமைப்பு அதில் சரியாக வராது.

லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி செருக இடம் இருந்தால், மேலே சொன்னதில் பாதித் தொல்லை இல்லாமலே போய்விடும். லினக்ஸுக்குத் தனி வட்டு, அதில் அதற்கென்று தனி இஎஃப்ஐ பகுதி. நிறுவும் நேரத்தில் மட்டும் விண்டோஸ் வட்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது பயாஸில் முடக்கிவிடுங்கள். இரண்டாவது வட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பூட் லோடரை முதல் வட்டின் இஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் உபுண்டுவின் பழைய நிறுவிக்கு உண்டு.

பிடிக்காமல் லினக்ஸை எடுத்துவிட வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் கிரப்பின் கறுப்புத் திரையில் வந்து நிற்பீர்கள். காலி இடம் சி டிரைவுக்கு ஒட்டி வலதுபக்கம் இருப்பதால் எக்ஸ்டென்ட் வால்யூம் கொடுத்ததும் சேர்ந்துவிடும். இஎஃப்ஐ பகுதியில் உபுண்டு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். அதனால் கெடுதல் இல்லை. அது உறுத்தினால், விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்தப் பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு, எழுத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.